விற்காத பருத்தி

என் புருஷன் செத்தும் வேலையை விடவில்லை. காலையில் சந்தை திறந்ததும் அவர் அறையில் நாற்காலி கிறீச்சிடும். பருத்தி விலை இறங்கினால் "ச்சே!" என்பார், ஏறினால் தொண்டையைச் செருமுவார். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். முதல் நாள் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அப்புறம், சத்தம் கேட்காவிட்டால்தான் பயம் என்றாகிவிட்டது.

சேமிப்பெல்லாம் பங்குகளில் இருந்தது. கொஞ்சத்தை மட்டும் பருத்தி முன்பேரத்தில் போட்டிருந்தார். இன்ன மாதம் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு ஒப்பந்தம். தவணைக்கு முன்னால் கைமாற்றிவிட்டால் பஞ்சைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம்.

"பங்கும் பருத்தியும் ஒண்ணா விழாதுடி. நம்மள மாதிரிதான். நீ குதிச்சா நான் சும்மா இருக்கேன்ல?" என்பார். பேச்சில் கெட்டிக்காரர். என்னைத் தனியாகக் குதிக்க விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கணக்கு என் பேருக்கு வந்த பிறகும் தவணை முடியும்போதெல்லாம் தரகர் கூப்பிடுவார்.

"வித்துடலாமா அண்ணி?"

"வேணாம். அடுத்த மாசத்துக்கு மாத்துங்க."

பருத்தியை விற்றால் அவர் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே!

இந்த வாரம் பங்கும் பருத்தியும் கைகோத்துக்கொண்டு விழுந்தன.

"அண்ணி, விலை விழுந்ததுக்கு ஈடா இன்னைக்கே மேல பணம் கட்டணும். இல்லேன்னா வித்துத்தான் ஆகணும்," என்றார் தரகர். பங்கை விற்றாலும் பணம் இன்றைக்குள் கைக்கு வராது. வீட்டில் மிச்சமிருந்தது மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு வைத்த பணம் மட்டும். அறைக்குள் "ச்சே! ச்சே!" என்று ஓயாமல் கேட்டது.

எனக்கு வந்ததே கோபம்! கதவைத் தள்ளிக்கொண்டு போய் வெறும் நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒண்ணா விழாதுன்னீங்களே! இப்ப உங்கம்மா கண்ணைப் பாக்கவா, உங்களைக் கட்டிக்கிட்டு அழவா? சொல்லித் தொலைங்க!"

"ச்சே!" என்றார். அவ்வளவுதான்.

"வித்துடுங்க," என்றேன் போனில். என் வாயாலேயே சொன்னேன்.

சட்டென்று அறை அடங்கிப்போனது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இரண்டாம் முறையும் அவரைப் பறிகொடுத்துவிட்டேன், இந்தத் தடவை நானே அனுப்பிவைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மகன் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் மாமியார். கல்நெஞ்சக்காரி என்று எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"ஏம்மா, அவன் எங்க போயிட்டான்? இத்தனை நாளா உள்ளதானே இருந்தான்?"