கன்றிப்போன கை

தச்சரின் முழங்கை உள்ளங்கையளவு கன்றிப்போயிருந்தது. "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்றார். மனைவி நம்பவில்லை. ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் சாப்பிடும் மாத்திரையை அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். அளவு தப்ப வழியில்லை. மறுநாள் பல் துலக்கும்போது அவர் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. வேறு ஏதோ சாப்பிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, அவள் நேரே போய் அவருடைய உளிப் பையைக் கவிழ்த்தாள். பாதி காலியான வலி மாத்திரை அட்டை விழுந்தது.

"இது என்னங்க?"

"கால் முட்டி வலி தாங்கலை. நீ திட்டுவியேன்னு சொல்லலை."

"கேக்காம வேற மாத்திரை தொடாதீங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே!"

அப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. ரெண்டு மாத்திரையும் சேர்ந்தா ரத்தக் கசிவு நிக்காது" என்று சொல்லி, முட்டிக்கு வேறு மருந்து எழுதினார்.

வீடு திரும்பும் வழியில் அவள் திட்டவில்லை. "வேற எதுவும் ஒளிச்சு வைக்கலையே?" என்று மட்டும் கேட்டாள்.