அம்மியில் ஓடிய சாக்லேட்

எழுபத்து நாலாம் வருஷச் சித்திரை. மயிலாக்காவின் கொக்கோ மரங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் கெடு.

"சாக்லேட்டு சாக்லேட்டுங்கறே, கண்ணுல காட்டு பாக்கலாம். இல்லாட்டி அத்தனையும் வெட்டிப்போடுவேன்" என்று அவள் கணவர் லிங்கசாமி அண்ணன் சொல்லிவிட்டார். பனியன் கம்பெனி முதலாளி. தென்னந்தோப்பில் ஊடுபயிராக அவள் வைத்து வளர்த்த முப்பது மரமும் அவருக்கு வெட்டி வேலை.

நான் பக்கத்து வீட்டு மிட்டாய்க்காரி, முனவர் பேகம். இனிப்பென்றால் என் கைக்கு அடங்காதது இல்லை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள். விடுவேனா?

காய்களை உடைத்து, சதையோடு விதைகளைக் கூடையில் கொட்டி, கம்பெனியில் மிஞ்சிய பனியன் துணியால் போர்த்தி, ஆறு நாள் புளிக்கவிட்டுக் காயவைத்திருந்தாள் அக்கா. வியாழனன்று வறுத்தோம். வந்தது பாருங்கள் ஒரு வாசம், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தோலைப் புடைத்து, பாதியை அம்மியில் வைத்தேன். அம்மியைத் தொட்ட கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் தண்ணீர் தெளித்துவிட்டது. அத்தனையும் சேறாகி, கடைசிவரை உறையவே இல்லை. என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

"உடு கண்ணு. வறுத்ததைத் தொட்டா வெரலெல்லாம் எண்ணெ. அதுலயே அத்தனை நெய் இருக்கறப்ப தண்ணி எதுக்கு?" என்றாள் அக்கா.

வெள்ளி காலை அம்மியை ஈரமில்லாமல் துடைத்து வெயிலில் போட்டோம். கல் கொதித்தது. குழவியைத் துணி சுற்றிப் பிடித்து, மீதிப் பாதியை அரைத்தேன். அக்கா தண்ணீர்ச் சொம்பை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். என் கையை அவள் நம்பவில்லை. முதலில் பொடி, பிறகு களி. தோள் கழன்றுவிடும் என்ற நேரத்தில் பளபளவென்று இளகி, அம்மி விளிம்பில் வழிந்தது.

"அக்கா, ஓடுதுங்க" என்றேன்.

பொடித்த சீனியைச் சேர்த்து அரைத்து, தட்டில் ஊற்றினோம். சர்பத் கடைக்கு ஓடி ஐஸ் கட்டி வாங்கிவந்து தட்டை அதன்மேல் வைத்தோம். உறைந்தது. துண்டு போடும்போது, கோடாலிக்காரரோடு அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார்.

ஒரு துண்டை வாயில் போட்டார். விரலில் இளகி ஒட்டியதை நக்கினார். கேட்காமலே இன்னொன்றை எடுத்தார்.

பிறகு கோடாலிக்காரரைப் பார்த்து, "கோடாலிய வெச்சுப்போட்டு மம்பட்டி எடுத்துட்டு வாப்பா. இன்னும் முப்பது குழி தோண்டோணும்" என்றார்.

மயிலாக்கா அப்போதுதான் ஒளித்து வைத்த சொம்பை எடுத்து, மடமடவென்று தண்ணீர் குடித்தாள்.