கரண்ட் தின்னாத ஃபேன்

கொழிஞ்சாம்பாறையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த முத்துசுவாமிக்கு அந்த 1977 மார்கழியில் கால் தரையில் பாவவில்லை. கோயமுத்தூர் மில் ஒன்றில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதற்குள் சுழலும் சின்னச் சின்ன ஃபேன்களின் இரைச்சலில் குமாஸ்தாக்களுக்கு மண்டை இடித்தது. ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சர்க்யூட் செய்து காட்டுபவருக்கே உதவியாள் வேலை என்று மில் எஞ்சினியர் வெங்கிடாசலம் சொல்லிவிட்டார். வேலை கிடைக்காவிட்டால் முத்துசுவாமி மாமனாரின் தென்னந்தோப்புக்குக் காவல் போக வேண்டும். தோப்பில் பாம்பு உண்டு, அதுகூடப் பரவாயில்லை. மாமனாரும் உண்டு.

பழைய இரும்புக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான், பேட்டரியில் ஓடும். ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய வால்யூம் திருகு. அவ்வளவுதான் சர்க்யூட். உள்ளறையில் உட்கார்ந்து ஈயத்தால் பற்றவைத்து, பேட்டரியை மாட்டினார். ஃபேன் அசையவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வெளிச்சத்தில் பார்க்கலாமென்று எல்லாவற்றையும் தூக்கி வந்து வாசல் மேசையில் வைத்தார். வைத்ததும் விர்ரென்று சுற்றியது.

"சூடாகறதுக்குச் சித்த நேரம் புடிக்குது, அவ்வளவுதான்" என்று மனைவி கமலாத்தாளிடம் சொன்னார். இருபது வருடம் வால்வு ரேடியோவோடு குடித்தனம் நடத்தியவர் வேறென்ன சொல்வார். வால்வு சூடான பிறகுதான் அந்தக் காலத்து ரேடியோ வாயைத் திறக்கும்.

மார்கழியில் அந்த ஊரில் கிழக்கேயிருந்து காற்று வீசும். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் ஜனங்கள் நடப்பார்கள். பிறந்ததிலிருந்து பழகிப்போனதால் அதைக் காற்று என்றே யாரும் நினைப்பதில்லை. முத்துசுவாமியின் கடை வாசலும் கிழக்குப் பார்த்தது. வேகத்தைக் குறைக்கும்போது அவர் மேசைமேல் குனிந்து உற்றுப் பார்ப்பார், அவருடைய தொப்பை வாசலை அடைக்கும், ஃபேன் தளரும். கூட்டும்போது பெருமையோடு விலகி நிற்பார், ஃபேன் பறக்கும். ஊரே வந்து பார்த்து மெச்சியது.

மூன்று வாரம் கழித்து எஞ்சினியருக்குக் கடிதம் போட்டார். 'தினமும் எட்டு மணி நேரம் ஓடுகிறது. டிரான்சிஸ்டர் சூடாவதே இல்லை. பேட்டரியும் இம்மியளவும் இறங்கவில்லை.' கரண்ட் ஓடினால் டிரான்சிஸ்டர் சுடும், பேட்டரி இறங்கும். ஒரு கெட்டிக்காரர் எழுதக்கூடாத கடிதம்தான். ஆனால் அதைப் படித்த வெங்கிடாசலம் கல்பாத்திக்குப் போகிற வழியில், ஞாயிற்றுக்கிழமையன்று, நேரே கடைக்கே வந்துவிட்டார்.

நுழைந்ததுமே அவர் கண்ணில் புழுதி விழுந்தது. "கதவைச் சாத்துங்கோ மொதல்லே" என்றார்.

கதவைச் சாத்தியதும் ஃபேன் நின்றது.

"சூடாகோணுங்க சார்" என்றார் முத்துசுவாமி.

காப்பி வந்தது, குடித்தார்கள். ஃபேன் சூடாகவில்லை. வெங்கிடாசலம் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். ஃபேன் சுற்றியது. சாத்தினார், நின்றது. மறுபடி திறந்துவிட்டு, மேசைக்கு வந்து பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். ஃபேன் இன்னும் குஷியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேட்டரி என் கையிலே இருக்கு. இது யார் ஆத்துக் கரண்டிலே ஓடறது?"

முத்துசுவாமிக்கு மானமே போயிற்று. மாமனாரின் முகம் கண்முன் வந்தது. அந்த முகத்தைப் பார்த்த பயத்திலோ என்னவோ, சர்க்யூட் பலகையை வெடுக்கென்று எடுத்துக் கவிழ்த்தார். டிரான்சிஸ்டர் கால் ஒன்றில் ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருந்ததே தவிர, ஒட்டவே இல்லை. கம்பியை அசைத்தார், ஆடியது. ஈயம் உருக்கும் பற்றுக்கோலைச் சூடாக்கி அந்தக் காலில் வைத்தார். கதவைத் தானே சாத்தினார். பேட்டரியை மாட்டித் திருகைத் திருப்பினார்.

ஃபேன் மெல்ல முனகி எழுந்தது. கூட்டினால் ஏறியது, குறைத்தால் இறங்கியது. டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். சுரீரென்று சுட்டது.

"சுடுதுங்க சார்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

வெங்கிடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷத்திலே கோளாறைக் கண்டுபிடிச்சுட்டேள். எனக்கு அதுக்குத்தான் ஆள் வேணும். நாளைக்கே வந்துடுங்கோ. இனிமே கடுதாசி எழுதறதுக்கு முன்னாலே கதவைச் சாத்திப் பாருங்கோ, கேட்டேளா."

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது கமலாத்தாள் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கமலா, அது காத்துல சுத்துனது உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க. நான் கடை கூட்டிப் பெருக்கறப்போ பேட்டரி கழண்டு கெடந்துச்சு. அப்பவும் சுத்துச்சு. நாந்தான் மாட்டி வெச்சேன்."

"ஏன் சொல்லல?"

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "கண்ணாலமாயிப் பதினாலு வருசத்துல நீங்க ஊட்டுல பாட்டுப் பாடுனது இந்த மூணு வாரந்தானுங்க. அத எப்படிப் போயி நிறுத்தச் சொல்றது?"

முத்துசுவாமி அவள் பக்கத்தில் போய் நின்றார். "இப்பத்தான் நெசமாலுமே ஓடுதே, ஒண்ணு பாடட்டுமா?" என்று கேட்டார்.

"வேலைதான் கெடச்சிருச்சில்லீங்க" என்றாள் கமலாத்தாள். "இனி அந்தக் குமாஸ்தாக்களுக்குப் பாடுங்க."