அவலூர்பேட்டையில் கேட்ட குரல்

ஆடி மாதக் கடைசியிலிருந்து, செஞ்சியில் ஷூ கம்பெனி நடத்தும் இளையபெருமாள் பேசுவது செஞ்சியில் கேட்காமல் அவலூர்பேட்டையில் கேட்கத் தொடங்கியது. அங்கே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறது. அதற்கும் வெங்காயக் கடைக்கும் நடுவில், ஆள் உயரத்தில், அவர் குரல் வந்தது. இங்கே அவர் வாயசைக்கும் அதே நேரத்தில், நடுவில் வரும் செருமல் உட்பட எல்லாம் அங்கே தெளிவாகக் கேட்டது. அந்த வாரம்தான் தக்காளி விலை சரிந்தது என்பதால், சந்தைக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இளையபெருமாள் வல்லத்தில் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போட்ட குடும்பத்துப் பிள்ளை. வெளியூர்த் தோல் கம்பெனி ஒன்றில் நெடுநாள் சூப்பர்வைசராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, திருவண்ணாமலை ரோட்டில் தகரக்கூரை போட்டு, ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து அனுப்பும் கம்பெனியைத் தொடங்கினார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அறுபது எழுபது பெண்கள் வேனில் வந்து தைத்தார்கள். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காதுகுத்துக்கும் போவார், கருமாதிக்கும் போவார். ஒருவர் முகம் வாடும்படியான வார்த்தையை மட்டும் அவரால் சொல்ல முடியாது. லீவு கேட்டாலும், சம்பளம் ஏற்றிக் கேட்டாலும், மெஷின் ஓடவில்லை என்றாலும், ‘பாக்கலாம்’ என்பார். அந்தப் பாக்கலாமுக்கு ஆமாம் என்றும் பொருள் உண்டு, இல்லை என்றும் உண்டு, காதில் விழவில்லை என்றும் உண்டு. எந்தப் பாக்கலாம் எது என்று முடிவு செய்வதே மேனேஜர் மணிமொழியின் பாதி வேலை. அவள் சித்தாமூர் பக்கத்துப் பெண், எம்.பி.ஏ. படித்தவள். முதலாளி சொன்னதில் தன் பங்குக்குக் கொஞ்சம் நல்ல செய்தி கலந்து பெண்களிடம் சொல்வாள். யாரும் மனம் கோணாமல் வேலை நடந்துவிடும்.

அந்த ஆடியில்தான், ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி, தை மாதத்துக்குப் பிறகு தங்களுக்குச் சரக்கு வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டது. இளையபெருமாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. செய்யாறு பக்கம் புதிதாகத் திறந்த கம்பெனி ஒன்று செஞ்சிக்கே வேன் அனுப்பி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் பெண்கள் அத்தனை பேரும் அதில் ஏறிவிடுவார்கள், கடைசி ஆர்டரை முடித்துக் கொடுக்க ஆளிருக்காது, தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்தார். மறுநாள் காலை, நம் கம்பெனிக்கு நல்ல காலம் வருகிறது என்று சொல்லித் தைரியம் கொடுப்பதற்காக ஹாலில் வந்து நின்றார். பேசினார். பெண்களுக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டது. அவர் கையை ஆட்டினார், சிரித்தார், முடித்துவிட்டுக் கும்பிட்டார். எதற்கு என்று தெரியாமல் அவர்களும் கும்பிட்டார்கள்.

புதுச்சேரியில் டாக்டரிடம் போனார். பெயர், வயது, என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவர் சொன்ன பதில் கேட்டது. தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டதற்குச் சொன்ன பதில் மட்டும் கேட்கவில்லை. தொண்டையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் உப்புக் கம்மி என்று அவர் சொன்னது மனைவி சுந்தராம்பாளுக்கு நன்றாகவே கேட்டது. ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது மட்டும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் ‘ஒண்ணுமில்ல’ என்றே கேட்டுப் பழகியவள் அவள். இப்போது அதுவும் கேட்காமல் வீடு வெறிச்சென்று இருப்பதாக அக்காவிடம் போனில் அழுதாள். இதில் என்ன கணக்கு என்று அவளுக்கும் புரியவில்லை. ஊரில் சிலர் செல்போன் டவரைச் சொன்னார்கள், சிலர் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் பட்டுக் குரல் திரும்பிப் போகிறது என்றார்கள். வாட்ஸப்பில் எழுதிப் பார்த்தார். மணிமொழிக்கு அனுப்பியது அவலூர்பேட்டை ஆட்டு வியாபாரி ஒருவரின் போனுக்குப் போனது. அவர் மரியாதைக்கு ஒவ்வொன்றுக்கும் கும்பிடு படம் போட்டு அனுப்பினார்.

அங்கே வெங்காயக் கடை வைத்திருக்கும் துரைக்கண்ணுவுக்குத்தான் பாடு அதிகம். குரல் அவர் காதருகே வந்தது. முதல் வாரம் கடையில் உப்பைச் சுற்றிப் போட்டார். பிறகு குரல் மணிமொழி, ரஞ்சிதம் என்று பெயர் சொல்வதையும், லைன், டார்கெட் என்று பேசுவதையும் வைத்து விசாரித்து, பஸ் ஏறிச் செஞ்சிக்கே வந்துவிட்டார். மணிமொழி அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

“எங்க சார் இன்னா சொல்றாரு?”

“நெறைய சொல்றாரும்மா. வேலை இருக்கும்ன்றாரு. கேட்டா இல்லாதபோலவும் இருக்குது. நல்ல காலம் வருதுன்றாரு. யாருக்குன்னு சொல்லல.”

அதை வைத்துக்கொண்டு பெண்கள் புரட்டாசி முழுக்கப் பேசினார்கள். கம்பெனி மூடப்போகிறது என்று ஒரு வரிசை, போனஸ் ஏறப்போகிறது என்று ஒரு வரிசை, கம்பெனியே அவலூர்பேட்டைக்குப் போகப்போகிறது, குரல் முன்னால் போய்விட்டது, ஆள் பின்னால் போவார் என்று ஒரு வரிசை. வயதில் மூத்த பவுனம்மாள்தான் வழி சொன்னாள். ஆயுதபூஜை அன்று முதலாளி எப்படியும் பேசுவார், பாதிப் பேர் இங்கே நிற்போம், பாதிப் பேர் அங்கே போய்க் கேட்போம் என்றாள். அப்படியே செய்தார்கள். செஞ்சியில் நின்றவர்கள் மெஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, முதலாளி முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அவலூர்பேட்டைக்குப் போனவர்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே வரிசையாக நின்று குரலைக் கேட்டார்கள். சந்தைக்கு வந்தவர்கள் ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்து அவர்களும் நின்றார்கள். சாயங்காலம் எல்லோரும் ஒன்றுகூடி, பார்த்த முகத்தையும் கேட்ட பேச்சையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. நாமெல்லாம் ஒரே குடும்பம், எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், மேலே இருப்பவன் இருக்கிறான் என்றெல்லாம் வந்திருந்தது. கம்பெனி இருக்குமா என்பது மட்டும் முகத்திலும் இல்லை, பேச்சிலும் இல்லை.

தைக்கும் பெண்களில் ரஞ்சிதத்துக்குப் பொறுமை இல்லை. புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள். செய்யாறு கம்பெனி அவளை டெஸ்ட் வைத்து எடுத்துக்கொண்டு, ஐப்பசி முடிவதற்குள் வந்து சேரச் சொல்லியிருந்தது. நேராக முதலாளி அறைக்குப் போய், போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டாள். அவர் சிரித்த முகத்தோடு நீளமாக எதையோ பேசினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் சிரிக்கிறாரே, வேலை இருக்கும் போலிருக்கிறது என்று எண்ணி, செய்யாறு வேன்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்ற குழப்பம் வந்துவிட்டது. அடுத்த நாள் தைக்கும்போது ஊசியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டாள்.

ரத்தம் பட்ட ஷூத் தோலை எடுத்துக்கொண்டு மணிமொழி முதலாளி அறைக்குப் போனாள். அத்தனை வருஷம் அவர் பேச்சில் நல்ல செய்தி கலந்து கொடுத்தவள், அன்று கதவைச் சாத்தினாள்.

“சார், கம்பெனி இருக்குமா, இருக்காதா?”

அவர் உதடு அசைந்தது. மணிமொழி அங்கேயே நின்று துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டாள். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நீ லைனப் பாருன்றாரும்மா,” என்றார் துரைக்கண்ணு. பின்னால் யாரோ வெங்காயத்துக்குப் பேரம் பேசுவது கேட்டது.

மணிமொழி போனை மேசைமேல் வைத்தாள். “ரஞ்சிதம் உங்க மூஞ்சியப் பாத்துட்டு அந்த வேலைய வாணாம்னுட்டா சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. நான் அவளுக்கு இன்னா சொல்றது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டில் கரும்பு லாரி ஒன்று போவதைப் பார்த்தார். பிறகு, “பயமா இருக்குது மணிமொழி,” என்றார்.

அது அறை முழுக்கக் கேட்டது. இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள். போனில் துரைக்கண்ணு, “ஹலோ, ஹலோ, இப்ப ஒண்ணும் கேக்கலியே,” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இளையபெருமாள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆர்டர் நின்றுபோன கதையை ஆடியிலிருந்து தொடங்கி அவளிடம் சொன்னார். எல்லாம் கேட்டது. கேட்டு முடித்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை. “எங்கிட்ட சொல்லி இன்னா சார்? அங்க போய்ச் சொல்லுங்க,” என்றாள்.

மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் ஹாலின் நடுவில் நின்றார். பழக்கதோஷத்தில், நமது கம்பெனி ஒரு குடும்பம் என்றுதான் ஆரம்பித்தார். வாய் மட்டும் அசைந்தது. “கேக்கல சார்!” என்று பின்வரிசையிலிருந்து பவுனம்மாள் கத்தினாள். கடவுள் புண்ணியத்தில் என்று மறுபடியும் தொடங்கினார். கேட்கவில்லை. மூன்றாவது முறை, “தை மாசத்தோட தையல் லைன் நிக்குது. ஆர்டர் இல்ல. எனக்கு ஆடியிலயே தெரியும்,” என்றார். தகரக்கூரை அதிர்ந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு திரும்பிப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தாமல், “செய்யாறுக்குப் போறவங்க போங்க, நான் தடுக்க மாட்டேன். இருக்கிறவங்க இந்தக் கடைசி ஆர்டர முடிச்சிக் குடுத்தா நான் பொழைச்சிக்குவேன்,” என்றார். அதுவும் கேட்டது.

யாரும் கைதட்டவில்லை. ஜெயக்கொடி என்ற பெண், வாய்த்துடுக்குக்காரி, எழுந்து நின்று, “ஆடியிலயே தெரிஞ்சா ஆடியிலயே சொல்றதுக்கு இன்னா? எங்கள இன்னான்னு நெனச்சே?” என்று ஒருமையில் கேட்டாள். அவர் அதற்கு ரொம்ப நேரம் விளக்கம் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கே அது தெரிந்து, பாதியில் நிறுத்திவிட்டு, “தப்புதான்,” என்றார். ஜெயக்கொடி அதைக் கேட்டுவிட்டுத் துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை வேனில் ரஞ்சிதம் ஏறினாள், ஜெயக்கொடி ஏறினாள், பாதி ஹால் ஏறியது. மீதிப் பேர் இருந்தார்கள். ஏன் இருந்தோம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நிச்சயமாகத் தெரிந்த பிறகு தூக்கம் வந்தது, அதனால் இருந்தேன் என்கிறாள் பவுனம்மாள். ஆர்டர் தாமதமாகத்தான் முடிந்தது. இளையபெருமாள் வல்லத்து நிலத்தில் ஒரு துண்டை விற்றார். தையோடு லைன் நின்றது. அடுத்த வருஷம் மணிமொழி எங்கிருந்தோ பள்ளிக்கூடப் பை தைக்கும் ஆர்டர் ஒன்றைப் பிடித்து வந்தாள். ஹாலின் ஒரு மூலையில் சில மெஷின்கள் மறுபடியும் ஓடுகின்றன. அவர் பேச்சு அநேகமாக இங்கேயே கேட்கிறது. எப்போதாவது வாய் மட்டும் அசைந்தால், பெண்கள் தைப்பதை நிறுத்தாமல், “சார், பேட்டைக்குப் போவுது,” என்கிறார்கள். அவரும் திரும்பச் சொல்கிறார்.

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயக்கொடி கம்பெனிக்கு வந்தாள். செய்யாறில் இப்போது அவள் சூப்பர்வைசர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பழைய கோபம் தீர்ந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“நேத்து லைன்ல பேசனேன் சார். ஒருத்திக்கும் கேக்கல.”

“இன்னா பேசனே?”

“ஆளு கொறைக்கப் போறாங்களான்னு கேட்டாளுங்க. ஆபீஸ்ல லிஸ்ட் போட்டாச்சு. நான் அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னேன்.”

இளையபெருமாள் ஆச்சரியப்படவில்லை. டீ சொல்லி அனுப்பினார். குரல் எங்கே கேட்கிறது என்று விசாரித்தாளா என்று கேட்டார். மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் பக்கத்தில், மாவு மில்லில் கேட்டதாம், மில்காரரே போன் செய்து சொன்னார் என்றாள். மேல்சித்தாமூர் இங்கிருந்து பக்கம்தான், பரவாயில்லை என்றார் அவர். இருவரும் டீயைக் குடித்தார்கள். திங்கட்கிழமை காலை ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். ஆறு மணிக்கு என்றாள். அப்படியானால் சீக்கிரம் தூங்கு, காலையில் லைனில் திரும்பச் சொல்ல வேண்டுமே என்றார். ஜெயக்கொடி எழுந்து, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.