சக்கரபாணி வீட்டு விளக்கு

மரக்காணத்தில் வாடகை வீடு குதிரைக்கொம்பாகிவிட்டது. கடற்கரையில் ரிசார்ட் கட்ட வந்த கான்ட்ராக்டர்கள் மாட்டுக்கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த லட்சணத்தில், இலங்கையிலிருந்து படகேறித் தஞ்சம் கேட்டு வந்த கிருபாவுக்கு ஒரு ரூம் தேடி, உப்பளத்தில் வேலை முடிந்த கையோடு தெருத்தெருவாக அலைந்தாள் அமராவதி. முகாமில் இடமில்லை. கைக்குழந்தையோடு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஒண்டியிருந்தவளை மழைக்கு முன்னால் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

வாய்க்கு மட்டும் ஊரில் குறைச்சலே இல்லை. தொப்புள்கொடி உறவு என்று மேடை போட்டுக் கத்தியவர் பெண்டாட்டியைக் கேட்கணும் என்றார். பெண்டாட்டி அவரையே கேட்கச் சொன்னாள். தூ!

உப்பள முதலாளி சக்கரபாணியின் பழைய வீடு பூட்டித்தான் கிடந்தது. கிருபாவுக்காக அதை அமராவதி அவரிடம் கேட்டுப்பார்த்தாள். பூட்டிய வீட்டில் மூதேவி அடைவாளாம், அதனால் அந்தப் பெண் தினமும் சாயங்காலம் வந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றார். தங்குவது மட்டும் கூடாதாம். மகாபிரபு! விளக்கேற்ற ஆகிறவள், படுத்து எழ ஆகாதா? ஆனாலும் அமராவதி சரிங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை கிருபா விளக்கேற்றியதும், அமராவதி கூடத்தில் ஸ்டவ்வை வைத்துப் பால் காய்ச்சினாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொடுத்தாள்.

சேதி கேட்டு சக்கரபாணி வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"பால் காய்ச்சியாச்சுங்க," என்றாள் அமராவதி. "குடிவந்தவளைப் புள்ளையோட வெளிய அனுப்பறதுன்னா அனுப்புங்க. அப்புறம் உங்க குடும்பத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, எங்களைக் கேக்காதீங்க."

டம்ளரும் கையுமாக நின்ற பெண்கள் ஆமாமென்று தலையாட்டினார்கள். இரக்கத்துக்கு அசையாத மனுஷன் பயத்துக்கு வேர்த்துப்போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந்தப் பக்கம் பொங்குச்சு?"

கிருபா வாயைத் திறந்தாள்.

"கெழக்காலதாங்க," என்று முந்திக்கொண்டாள் அமராவதி.

இனிமேல் சாவியைக் கொண்டுவர வேண்டாம், வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். கிருபா குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"தெற்குப் பக்கமெல்லோ பொங்கினது, அக்கா. பொய் சொல்லிப்போட்டீங்களே."

அமராவதி துணியை எடுத்து ஸ்டவ்வின் தெற்குப் பக்கத்தைத் துடைத்தாள்.

"பால் எந்தப் பக்கம் பொங்குச்சுன்னு கேட்டாரே, புள்ளைக்குப் பேரு என்னன்னு கேட்டாரா?"