செத்த வண்டியின் கியர்பாக்ஸ்

என் காரை நொறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்த என் தம்பி யுகேந்திரன் முதலில் கேட்ட கேள்வி, "பசியாற என்னாக்கா இருக்கு?" என்பதுதான். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இரண்டு தோசை உள்ளே போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். பாலத்துக்கு அக்கரையில், பிறையில், ஒரு லாரிக்குக் குறுக்கே வண்டியை விட்டிருக்கிறான். என் மைவி காரின் பின்பாதி சப்பையாகிவிட்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன், ஒரு அரை மணி நேரம்.

அவன் வண்டியை இரவல் வாங்கியது லிட்டில் இந்தியாவுக்குப் போக. என் மகள் கவீஷா பெரியவளாகி, சடங்குக்கு நாள் குறித்திருந்தோம். தாய்மாமன் சீர் அவன்தான் கொண்டுவர வேண்டும். பட்டும் தட்டும் வாங்கப் போகிறேன் என்று முந்தின நாள் சாயங்காலம் சாவியை வாங்கிக்கொண்டு போனான். எங்கள் ஃபிளாட் ஜெலுத்தோங்கில். லிட்டில் இந்தியா இதே தீவில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பட்டு எடுக்கப் போனவனுக்குப் பாலத்தைத் தாண்டிப் பிறையில் என்ன வேலை?

"ஒரு ஃபிரண்டைப் பாக்கப் போனேன்லா. உன் மக காரியத்துக்குத்தானே உன் கெரெத்தாவ எடுத்தேன், என்னமோ நான் ஊர் சுத்தப் போன மாரி பேசுற!"

அந்த ஃபிரண்டு யார் என்று எனக்குத் தெரியும். பிறையில் கார் ரிப்பேர் பார்க்கும் போமன் கடை வைத்திருக்கும் இக்மல். யுகேந்திரனிடமும் என்னுடையதைப் போலவே ஒரு மைவி இருந்தது, அதே வருஷத்து மாடல். அதன் கியர்பாக்ஸ் உயிரை விட்டு ரொம்ப நாளாகி, வண்டி இக்மல் கடையிலேயே கிடந்தது. என் வண்டியையும் அங்கேதான் இழுத்துப் போனார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் தம்பி வாயிலிருந்து வரவே இல்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் ஆள் அனுப்பிப் படம் எடுத்தார்கள். இதைச் சரிசெய்வது வீண் என்று முடிவு செய்தார்கள். பிறகு ஒரு பெண் ஃபோன் செய்து இரண்டு வழி சொன்னாள். வண்டியை அவர்களிடம் விட்டுவிட்டால் முழுத் தொகை வரும். நொறுங்கிய வண்டி எனக்கே வேண்டுமென்றால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முழுத் தொகை வந்தால் பேங்க் கடன் போக, ஒரு பழைய வண்டிக்கு முன்பணம் தேறும். கழித்துக்கொண்டு கொடுத்தால் கடன் மட்டும் அடையும், நான் வெறுங்கையோடு நிற்பேன். எனக்கு வேலை பிறையில், ஒரு ஃபேக்டரியில். கார் போனதிலிருந்து பஸ், ஃபெர்ரி, மறுபடி பஸ் என்று அல்லாடிக்கொண்டிருந்தேன். தினமும் தாமதம். இன்னொரு தடவை லேட்டானால் இரவு ஷிஃப்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வயசுக்கு வந்த பெண்ணை ராத்திரியில் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இரவு ஷிஃப்ட்தான். எனக்கு ஒரு கார் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

புதன்கிழமை காலையில் தம்பி மறுபடி வந்தான். மறுபடி தோசை.

"அக்கா, வண்டிய இன்சூரன்ஸ்காரன்கிட்ட குடுத்துறாத. நீயே வச்சுக்க."

"வச்சுக்கிட்டு? அதுல துணி காயப்போடவா?"

"சாமான்லாம் நல்லா இருக்கு. முன்னாடி ஒண்ணுமே ஆகல. கியர்பாக்ஸ், டயரு, பேட்டரி எல்லாம் சும்மா அவன் தூக்கிட்டுப் போயி ஏலம் விடுவான். நம்ம சாமான நம்மளே எடுத்துக்கலாம்லா."

"நம்ம சாமானா? உனக்குக் கியர்பாக்ஸ் கிடைக்கும். எனக்கு என்னா கிடைக்கும்?"

"அக்கா தம்பிக்குள்ள கணக்கா பாக்குற?" என்றான். இடித்த நாளிலிருந்து அவன் முகத்தில் வருத்தம் தெரிந்தது அப்போதுதான். என் கார் போனதற்கு அவன் வருத்தப்படவில்லை. நான் கேள்வி கேட்டதற்கு வருத்தப்பட்டான்.

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி சண்டை என்றால் செருப்பைத் தேடுகிற ஆள். தம்பி போன பிறகு மெல்ல ஆரம்பித்தார். "வண்டிய அவனுக்கே குடுத்துரு புஷ்பா. சடங்கன்னைக்குச் சபையில தாய்மாமன் இல்லாம நின்னா நல்லாவா இருக்கும்? ஊரு சிரிக்கும்."

"நான் நடந்தே வேலைக்குப் போனா ஊரு சிரிக்காதா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

எப்படியும் வண்டியை இன்சூரன்ஸுக்கே விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் அதற்குள் என் சாமான்களை எடுத்துக்கொள்ள வேண்டும். குடை, வேலைக்குப் போடும் சப்பாத்து, கவீஷாவின் பள்ளிக்கூடக் கோட்டு எல்லாம் உள்ளேயே கிடந்தன. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் இக்மல் கடைக்குப் போனேன். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலை அது. என்னைப் பார்த்ததும் இக்மல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அக்கா, சொல்லிட்டு வந்திருக்கலாம்லா. பின்னால ஒரே சகதி. நீங்க இருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்."

புழுதி பறக்கிற இடத்தில் சகதியா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவனை ஒதுக்கிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

என் வண்டி செங்கல் மேல் நின்றது. நாலு டயரும் இல்லை. பானெட் திறந்து கிடந்தது. பேட்டரி இருந்த இடம் காலி. உள்ளே எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை, ஒயர்கள் வெளியே தொங்கின. டிரைவர் சீட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. டேஷ்போர்டில் நான் ஒட்டி வைத்திருந்த பிள்ளையாரையும் காணோம், ஒட்டு டேப் மட்டும் இருந்தது. சாமியையுமா கழற்றுவான் ஒருவன்?

"கியர்பாக்ஸ் எங்க?"

இக்மல் தரையைப் பார்த்தான். "யுகேன் வண்டியில போட்டாச்சுக்கா. நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு அவருதான் சொன்னாரு. இன்சூரன்ஸ்காரங்க படம் எடுத்துட்டுப் போன மறுநாளே கழட்டச் சொல்லிட்டாரு."

அப்படியானால் நேற்று என் வீட்டில் உட்கார்ந்து என்னிடம் கேட்டானே, அப்போதே எல்லாம் கழற்றியாகிவிட்டது. என் கியர்பாக்ஸில்தான் என் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கீழே பார்க்கிங்கில் அதை நிறுத்திவிட்டு, மேலே வந்து என் தோசையைத் தின்றுகொண்டே என் காதில் பூச்சுற்றியிருக்கிறான்.

அங்கேயே நின்று இன்சூரன்ஸ் பெண்ணைக் கூப்பிட்டேன். வண்டியில் ஏதாவது சாமான் குறைந்தால் என்ன ஆகும் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். படத்தில் இருக்கிறபடிதான் எடுப்போம், பெரிய சாமான் இல்லையென்றால் பணத்தை நிறுத்திவிடுவோம், விசாரணையும் வரலாம் என்றாள். வண்டி என் பெயரில். கையெழுத்து என்னுடையது. மாட்டப்போவது நான்.

"நானே எடுத்துக்கிறேன்," என்றேன். என் பழைய வண்டிக்கான முன்பணம் அந்த ஒரு வார்த்தையோடு போய்விட்டது.

இக்மல் அதற்குள் தம்பிக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் யுகேந்திரனின் மைவி கடை முன்னால் வந்து நின்றது. உள்ளே குளிர் குறைந்துவிடக் கூடாதே! ஏர்கோன் ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல், கதவை மட்டும் சாத்திவிட்டு இறங்கி வந்தான். இங்கே பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. கண்ணாடி வழியாக என் பிள்ளையார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவப்படாத. எப்படியும் நீ எனக்குத்தானே குடுப்ப? அதான் நேரத்த வீணாக்க வேணான்னு..."

"நான் குடுப்பேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"சொல்லணுமா? நீ என் அக்கா." வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "இன்சூரன்ஸ்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். நானே எடுத்துக்கிறேன்னு."

"பாத்தியா! எனக்குத் தெரியும்லா!" இக்மலின் தோளைத் தட்டினான். "இவளுக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்."

அந்தத் தட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை நொறுக்கியதைப் பொறுத்தேன். பொய்யைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் வாய் திறக்கும் முன்பே என் சம்மதத்தையும் ஒரு உதிரி சாமான் மாதிரி கழற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பிறந்ததிலிருந்து இவனுக்கு இதுதான் வேலை.

நான் அவனைத் தாண்டிப் போய் அவன் காரில் ஏறிக் கதவைப் பூட்டினேன். சீட் என்னுடையதுதான். முதுகுக்குச் சரியாகப் பொருந்தியது. அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினேன்.

"அக்கா, என்னா விளையாட்டு இது? இறங்கு! இது என் கெரெத்தா!"

"கியர்பாக்ஸ், டயரு, பேட்டரி, சீட்டு எல்லாம் என்னோடது. உன்னோடது தகரம்தான். அதுக்குப் பதிலா அங்க பின்னால என் தகரம் நிக்குது, எடுத்துக்க."

"நான் போலீஸுக்குப் போவேன்!"

"போ. கியர்பாக்ஸ் எப்படி இங்க வந்துச்சுன்னு கேப்பாங்க. இக்மல் சொல்லுவான்." இக்மல் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விட்டான்.

"சடங்குக்கு நான் வர மாட்டேன்! பாத்துக்க! சீரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! சபையில நீதான் அசிங்கப்பட்டு நிப்ப!"

இதைத்தான் அவன் கடைசியாக வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அது தைக்கவும் செய்தது. கவீஷா தாய்மாமன் பட்டுக்காகக் காத்திருந்த பிள்ளை. என்ன கலர் வரும் என்று தினமும் கேட்பாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தேன். அவன் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தான். பிறகு ஒரு லாரி ஹாரன் அடித்து அவனை ஓரத்துக்குத் துரத்தியது.

பாலத்தில் நெரிசல். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"புஷ்பா, என்னா செஞ்சு வச்சிருக்க? யுகேன் அழுவுறான். சடங்குக்கு வரவே மாட்டானாம்."

"எப்படிங்க வருவான்? வண்டிதான் என்கிட்ட இருக்கே," என்றேன்.

அவர் ஏதோ சொன்னார், நான் ஃபோனை அணைத்துவிட்டேன். பாலம் முடியும்வரை அழுதேன். அழுதுகொண்டேதான் ஓட்டினேன். மறுநாள் வேலைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன்.