பாறைத் திட்டில் பேசுகிறவர்

கடலுக்குப் போய்த் திரும்பி வராத சுக்கான்காரர், அடுத்த வருஷத்திலிருந்து வடக்குப் பாறைத் திட்டுக்கு மேலே உள்ள தண்ணீரில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் கேட்டது அவருடைய தம்பிதான். வலையை இறக்கிவிட்டு இன்ஜினை அணைத்திருந்தபோது, படகின் அடிப்பலகைக்குக் கீழேயிருந்து, "கயிறு முறுக்கிக்கிட்டிருக்கு, பாருடா" என்று அண்ணன் குரல் வந்தது. பார்த்தான், முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சரிசெய்து, மீனை ஏலக் கொட்டகையில் இறக்கிவிட்டு, ஐஸ் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் அண்ணியிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள், கையுறையைக் கழற்றினாள். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?" என்றாள்.

அன்று முதல் அவள் கொழுந்தனின் படகில் போய்வரலானாள். அவன் வலை போடுவான். அவள் பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். அவர் பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. சமையலறை ஜன்னலின் கொக்கி ஆடுவதைச் சொன்னார், ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதே என்றார், தன் நீலச் சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அவள் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் வரும், பாதிக்கு வராது. வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான் என்பதால் அவளுக்கு அதில் குறையில்லை. எப்போது வருவீர்கள் என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை. சட்டையையும் கொடுக்கவில்லை.

பிறகு துறைமுகம் பெருத்தது. வெளியூர்ப் படகுகள் வந்தன, உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வேகப் படகுகள் பாறைத் திட்டைச் சுற்றிச் சுற்றி உறுமின. சுக்கான்காரரின் குரல் வருஷத்துக்கு வருஷம் மெலிந்தது. முழு வாக்கியம் பாதி வாக்கியமாகி, பாதி வாக்கியம் ஒற்றை வார்த்தையாகி, கடைசியில் "ம்" என்பது மட்டும் மிஞ்சியது. அந்த "ம்"முக்காக அவள் கழுத்து வலிக்க வலிக்கப் படுத்துக் கிடந்தாள்.

அந்தத் திட்டில் மீன் பெருக, படகுகளை விடாமல் மூடிப் பாதுகாக்கவேண்டும் என்று அரசாங்கம் முன்பே ஒரு தடவை முயன்றது. யாரையும் கேட்காமல் தலைநகரில் உட்கார்ந்து கோடு போட்டு, மஞ்சள் மிதவைகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் மிதவைகள் எல்லாம் வீட்டுக் கொல்லைகளில் ஸ்டூல்களாகிவிட்டன. இரண்டாம் தடவை வந்த அதிகாரி ஒரு பெண். ஊர் அவளுக்குக் கோட்டம்மா என்று பேர் வைத்தது. ஆனால் அவள் கோடு போடவில்லை; ஏலக் கொட்டகையில் மீன் மேஜையைக் கழுவச்சொல்லி, அதன்மேல் கடல் படத்தை விரித்து, கலர் பேனாக்களை நீட்டினாள். யார் எங்கே போகிறீர்கள், நீங்களே வரையுங்கள் என்றாள். வலைக்காரர்கள் நீலத்தில் வரைந்தார்கள், வேகப் படகுக்காரர்கள் சிவப்பில். சங்கெடுக்க முங்குகிறவர் பச்சைப் பேனாவை வைத்துக்கொண்டு, "முன்னெல்லாம் திட்டுல என்னைப் பாத்து மீன் முறைக்கும். இப்ப முறைக்கக்கூட ஆள் இல்ல" என்றார். கொட்டகை சிரித்துவிட்டு அடங்கியது.

ஐஸ் பெட்டியோடு வந்த சுக்கான்காரரின் மனைவியையும் கோட்டம்மா விடவில்லை. "நீங்க கடல்ல என்னம்மா பண்றீங்க?"

"எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசுறேன்."

"எந்த இடத்துல?"

அவள் காட்டினாள். அந்த இடத்தில்தான் மூடவேண்டிய பகுதியின் நடு இருந்தது. கோட்டம்மா மிச்சமிருந்த ஊதாப் பேனாவை அவள் கையில் கொடுத்தாள். கொழுந்தன் குதித்தான். "அங்க எங்க அண்ணன் இருக்காரு. ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் வேலி கட்டுவீங்களா?" கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது, பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த வாரம் அவள் போனபோது "ம்"கூட முழுதாக வரவில்லை. வேகப் படகு ஒன்று அதைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் பலகையைத் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அழுதாள். அடுத்த கூட்டத்தில் ஊதாப் பேனாவை எடுத்து, கோட்டம்மா நினைத்திருந்ததைவிடப் பெரிய வட்டமாகத் திட்டைச் சுற்றிப் போட்டாள்.

"இவ்வளவையும் மூடுங்க."

"உங்களுக்கு மட்டும் தனியா அனுமதி தரலாம்மா."

"நான் போனா என்கூட ஒரு இன்ஜினும் போகணும். எனக்கு வழி விட்டா, ஆளாளுக்கு ஒரு காரணம் வெச்சிருப்பாங்க. வேணாம்."

"அண்ணி, அப்புறம் எப்படிக் கேப்பீங்க?" என்று கத்தினான் கொழுந்தன்.

"இப்ப மட்டும் என்ன கேக்குது?" என்றாள்.

தெற்குப் பக்கத்தை உள்ளூர்ப் படகுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி, வேகப் படகுகளுக்கு வேறு பாதை விட்டு, முறை வைத்துக் காவல் காப்பதாக ஒத்துக்கொண்டு, வட்டத்தை மூடினார்கள். ஸ்டூல்கள் கொல்லைகளிலிருந்து வந்து மறுபடி மிதவைகளாயின. கொழுந்தன் ஒரு மழைக்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. பிறகு தானாகவே வந்து, படகில் இடம் விட்டான். எல்லைக்கு வெளியே நின்று அவள் காதை வைத்தாள். வெறும் தண்ணீர். வருஷங்கள் அப்படியே போயின. வேலைக்கு நடுவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் எதையோ கேட்பதுபோல் நிற்பாள். கூட வேலை செய்கிறவர்கள் காத்திருப்பார்கள். எதிரே யாருமில்லாத சாப்பாட்டு மேஜையில் அவளாகவே "ம்" என்பாள்.

முதலில் மீன்தான் எல்லைக் கோட்டைத் தாண்டியது. திட்டுக்குள் பெருத்த மீன்கள் இடம் போதாமல் வெளியே வர, எல்லை ஓரத்தில் வலைகள் கனத்தன. அதற்கு அடுத்த வருஷம், வெயில் ஏறிய ஒரு முற்பகலில், மிதவைக்கு இந்தப் பக்கம், குரலும் வந்தது. முழு வாக்கியமாக வந்தது. ஆனால் கொஞ்சம் நடுங்கியது, நடுவில் இருமியது. அங்கே இருப்பவருக்கும் வயதாகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"ரொம்ப நாளாச்சே" என்றார் அவர்.

"ஆமா. இருமல் எப்பலேருந்து?" என்றாள் அவள்.

பக்கத்தில் வலையோடு இன்னொரு படகு நெருங்கியது. கொழுந்தன் கையைக் காட்டி, "கொஞ்சம் தள்ளிப் போடுங்கண்ணே, அண்ணி பேசிட்டிருக்காங்க" என்றான். அவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, துடுப்புப் போட்டுத் தள்ளிப் போனார்கள்.